முள் இரண்டு கோடு இறங்கியது

1

இந்தக் கதை ஒரு போன் திரையில் இடம் இல்லாததால் பிறந்தது. நேற்றுக் காலை கம்பெனி ஒரு கேள்வி அனுப்பியிருந்தது: 'அழுத்தச் சோதனை முறைப்படி செய்யப்பட்டதா?' கீழே இரண்டு பட்டன். ஆம். இல்லை. எனக்குச் சொல்ல ஒரு பக்கம் இருந்தது. நாற்பத்திரண்டு வயதில், சங்க ஆபீஸ் மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவன் நான். கற்ற எழுத்தைப் போட ஒரு கோடுகூட விடாத படிவத்தைப் பார்த்தால் சந்தேகம் வருமா, வராதா?

(முன்பெல்லாம் படிக்காமலே டிக் போட்டுக் கொடுப்பேன். அப்போது மெஷின்களுக்கும் படிப்பு வராது. எங்களுக்குள் ஒத்துப்போனது.)

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: வெயில் சுள்ளென்று அடித்த ஒரு மதியத்தில், நேர்மையான இரண்டு தொழிலாளர்கள்—

அடித்துவிட்டேன். வெயில் அடித்தது உண்மை. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

மறுபடியும். மூன்று மாதத்துக்கு முன் தையல்காரம்மா வீட்டில் ஹீட் பம்ப் மாட்டினோம். வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் உறிஞ்சி வீட்டுக்குள் விடும் மெஷின். வெளிச்சுவரில் ஒரு பெட்டி, உள்ளே ஒரு பெட்டி, நடுவில் செம்புக்குழாய். மாட்டியது நானும் என் தங்கச்சி புருஷனும். குழாயில் கேஸ் விடும் முன் நைட்ரஜனை ஏற்றி அடைத்துவிட்டு, ஒரு மணி நேரம் மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் அசையவில்லை என்றால் எங்கும் ஓட்டை இல்லை. நாற்பதில் நிறுத்தினோம். டீ குடித்துவிட்டு வந்தால் முப்பத்தெட்டு.

"மாப்ளே, முள்ளு ரெண்டு கோடு இறங்கியிருக்கு."

"குளிருக்கு இறங்கும் மச்சான். வெயில் போயிடுச்சு பாருங்க."

குளிர்ந்தால் அழுத்தம் குறையும், அது சரிதான். அதற்காகத்தான் தொடக்கத்திலும் முடிவிலும் வெளியே எத்தனை டிகிரி என்று குறிக்கச் சொல்வார்கள். நாங்கள் குறிக்கவில்லை. டீ போடச் சொல்லித் தையல்காரம்மா கொடுத்த கெட்டிலில் வெந்நீர் மிச்சம் இருந்தது. மாப்பிள்ளை அதைக் குழாய்மேல் ஊற்றினார்.* முள் நாற்பதுக்கு ஏறியது.

"பாத்தீங்களா? குளிருதான்."

உடனே போட்டோ எடுத்து அனுப்பினோம். எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தராத கைப்பக்குவம் இது. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

3

முந்தாநாள் அந்த மெஷின் தானாகவே பூட்டிக்கொண்டது. கேஸ் குறைகிறதாம், கசிவு இருக்கலாமாம். புது மாடலில் ஓடுவது அடுப்பு கேஸின் பங்காளி. பூமிக்கு நல்லது என்கிறார்கள். மூடிய அறையில் சேர்ந்தால் நமக்கு நல்லதில்லை.

பயிற்சி ஹாலில் எங்களுக்கு இதைப் புகழ்ந்து பேசிய கம்பெனி சாருக்கு 'அஞ்சு வருஷம்' என்று பேர் வைத்திருக்கிறோம். வாயைத் திறந்தால் அதுதான் வரும்.

"இன்னும் அஞ்சு வருஷத்துல வீட்டுக்கு வீடு இதுதான். கரண்ட் சும்மா கிடக்கிற நேரம் பாத்து அதுவே சூட்டைச் சேத்து வச்சுக்கும். நீங்க எப்ப எந்திரிக்கிறீங்க, எப்ப குளிக்கிறீங்க, எல்லாத்தையும் கத்துக்கும். பழுது வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடும்."

"எங்க வீட்ல அதுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு சார்" என்றார் மாப்பிள்ளை, பின்வரிசையிலிருந்து. ஹாலே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை.

கேள்வி வந்த கொஞ்ச நேரத்தில் அதே சார் என்னைக் கூப்பிட்டார்.

"சும்மா ஒரு ஆம் போடுங்க. சென்சார் தப்பா காட்டுதுன்னு எடுத்துக்கிட்டு இங்கிருந்தே திறந்து விட்டுடுவோம். பாவம், அந்த வீட்ல குளிருது."

"நேர்ல போய் ஒரு தடவை சோப்புத் தண்ணி வச்சுப் பாத்துடறேனே சார்."

"மெஷின் மூடியைத் தொடாதீங்க. தொட்டா அதுவும் உங்க பேர்ல பதிவாகும்."

இந்த இடத்தில் நீங்களும் என்னோடு சேர்ந்து சந்தேகப்பட வேண்டும். குளிக்கும் நேரம் வரைக்கும் தெரிந்துவைத்திருக்கும் மெஷினுக்கு என் ஆம் எதற்கு? நாளைக்கு ஏதாவது நடந்தால் பிடிக்க ஒரு சட்டைக் காலர் வேண்டும். மெஷினுக்குச் சட்டை கிடையாது.

4

மாப்பிள்ளை பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. நல்லவர் என்று எழுதினால் பொய் மாதிரி இருக்கிறது. கெட்டவர் என்று எழுதினால் தங்கச்சி முகம் வருகிறது. கேள்வி அவர் போனுக்கும் போயிருக்கிறது. கூப்பிட்டேன்.

"நீங்க என்ன போட்டீங்க மாப்ளே?"

"நீங்க மூத்தவரு, நீங்க போடுங்க. அதையே நானும் போடறேன்."

இத்தனை வருஷத்தில் எந்த விஷயத்திலாவது எனக்கு மூத்தவர் மரியாதை கொடுத்திருக்கிறாரா? பந்தியில்கூட முந்திக்கொள்கிறவர். நான் யோசிப்பதற்குள் தங்கச்சி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணா, ரொம்ப எழுதிக் கிழிச்சிடாத. ஆமான்னு போட்டுட்டு வேலையைப் பாரு. இவர் லைசென்ஸ் கார்டைப் பிடுங்கிட்டா வேற வேலைக்கு எங்க போவாரு?"

அடுத்து தையல்காரம்மா. அவருடைய அப்பா நுரையீரல் காய்ச்சலில் கிடந்து, போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார்.

"அண்ணே, ஆம் போட்டா ஓடுமாமே. போடுங்கண்ணே. ஊசியில நூல் கோக்க முடியல, விரல் விறைச்சுப் போகுது. அப்பா மூணு போர்வைக்குள்ள இருக்காரு. வெளிய மூக்குதான் தெரியுது."

"கசிவு இருந்தா என்னம்மா பண்றது?"

"நீங்கதானே மாட்டினீங்க?"

5

* இரண்டாம் பகுதியில் நட்சத்திரம் போட்ட இடத்துக்குத் திரும்பிப் போங்கள். வெந்நீரை ஊற்றியது மாப்பிள்ளை இல்லை. நான். 'குளிருதான்' என்றதும் நான். கெட்டில் என் கையில் இருந்தது. மாப்பிள்ளை போட்டோ எடுத்தார், அவ்வளவுதான். மற்றவர்களைச் சந்தேகிக்கச் சொல்லிவிட்டு உங்களை என் பக்கம் பார்க்கவிடாமல் வைத்திருந்தேன். எழுத்துக் கற்றவனுக்கு இதுவும் சேர்ந்து வந்துவிடுகிறது போல.

இன்னொன்று, இதைவிட மோசம். வெந்நீர் ஊற்றியதும் முள் ஏறியது என்று எழுதிவிட்டு, அந்த வரியை எழுத்துக் கூட்டி மறுபடி படித்தேன். ஓட்டை இருந்தாலும் முள் ஏறத்தானே செய்யும்? சூடு பட்டால் உள்ளே மிச்சம் இருப்பது விரியும். அப்படியென்றால் அந்த நாற்பது எதையும் நிரூபிக்கவில்லை. இந்தக் கைப்பக்குவத்தை எத்தனை வீட்டில்—

இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) ஆம். சென்சார்தான் தப்பு. வீட்டில் சூடு வருகிறது. பெரியவர் போர்வைக்கு வெளியே வருகிறார். தங்கச்சி வீட்டில் வழக்கமான சண்டை.

ஆ) ஆம். சென்சார் சரி. ஜன்னலெல்லாம் சாத்திய அறையில் தையல்காரம்மா தைத்த ரவிக்கையைத் தேய்க்க இஸ்திரிப் பெட்டியை எடுத்து—

இதற்குமேல் பேனா நகரவில்லை.

இ) இல்லை. யாருக்கும் பிடிக்காத முடிவு. ஆள் வந்து குழாயைப் பிரித்துப் பார்ப்பார்கள், அதுவரை வீடு குளிரும், எங்கள் இரண்டு கார்டும் போகும்.

சற்று முன்னால், பதினொன்றே கால் மணிக்கு, 'இல்லை'யை அழுத்தினேன். 'நன்றி, உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது' என்று வந்தது. என் வீட்டு எண்ணெய் ஹீட்டரை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வாசலில் வைத்தேன். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

7

பதினொன்றே முக்காலுக்குத் தையல்காரம்மா கூப்பிட்டார்.

"நல்லா இருப்பீங்கண்ணே. மெஷின் ஓடுது."

"நான் இல்லைன்னுதாம்மா போட்டேன்."

"ஓடுதுண்ணே. இப்பத்தான் சூடு வர ஆரம்பிச்சிருக்கு."

"உடனே மெயினை அணைச்சுட்டு ஜன்னலைத் திறந்து விடும்மா. அப்பாவைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துடு."

"இந்தக் குளிர்லயா? சரிங்கண்ணே, பாக்கறேன்."

அந்த 'பாக்கறேன்' எனக்குத் தெரியும். அணைக்கமாட்டார்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தங்கச்சியும் எடுக்கவில்லை. அஞ்சு வருஷம் சார் லைன் பிஸி. என் 'இல்லை' பதிவாகியிருக்கிறது. ஆனாலும் யாரோ அதைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது யாருடைய ஆம் என்று நான் கண்டுபிடித்து எழுதுவேன் என்று நீங்கள் காத்திருக்கக்கூடாது. மனசில் இருக்கும் பேரை இங்கே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

.................................

என் பேராக இருந்தாலும் சரி. அந்த வீட்டு மெயின் சுவிட்ச் துணி மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறது. நடந்தால் இருபது நிமிஷம். ஓட—