சகலை விட்ட மீன்

1

இந்தக் கதை கருணையில் பிறக்கவில்லை, வயிற்றெரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் உயிர், இரக்கம், இயற்கை என்று நல்ல நல்ல வார்த்தைகளாக எடுத்துவிடும்போது நீங்கள் ஏமாந்துவிடக் கூடாது.

என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா கணவர், பல் டாக்டர். இரண்டு வருடத்துக்கு முன் இதே ஏரியில் தூண்டில் போட்டு ஒரு பெரிய கெண்டையைப் பிடித்தார். மடியில் கிடத்திப் படம் எடுத்துக்கொண்டார். முள் குத்திய உதட்டில் மருந்து தடவினார். பிறகு தண்ணீரில் விட்டுவிட்டார். அந்தப் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. போகும்போதெல்லாம் என் மனைவி அதன் முன்னால் நின்று, "அத்தான் மனசு யாருக்கு வரும்?" என்பாள். பக்கத்தில்தான் நானும் நிற்பேன்.

இன்று காலை அதே மீன் என் தூண்டிலில் மாட்டியது.

2

அதே மீன்தானா என்று கேட்பீர்கள். வாலின் மேல்முனை யாரோ கடித்து எடுத்ததுபோல் இருக்கும். படத்திலும் அப்படித்தான். அந்தப் படத்தை அவரைவிட நான்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.*

இப்போது அது கரையோரத் தண்ணீருக்குள், வலைப்பையில், உயிரோடு இருக்கிறது. பையின் கயிற்றைப் படகுத்துறைத் தூணில் கட்டியிருக்கிறேன். தூணுக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து இதைச் செல்பேசியில் எழுதுகிறேன். சகலைக்குச் செய்தி அனுப்பியாயிற்று. அவர் வர வேண்டும், பார்க்க வேண்டும். பார்த்தபின் அவர் கண்ணெதிரில் நான் விட வேண்டும். யாரும் பார்க்காமல் விட்டால் அது விட்டதில் சேருமா?

* பொறாமைக்காரன் அளவுக்குக் கவனமாகப் பார்ப்பவன் கிடையாது. ரசிகன்கூட நடுவில் கண்ணை மூடிக்கொள்வான்.

3

அவர் வரும்வரை இந்தக் கதைக்குச் சில தொடக்கங்கள்.

"அந்தி சாயும் வேளை. ஏரி பொன்னாக உருகி—" வேண்டாம். இப்போது உச்சி வெயில், ஏரி சோப்புத் தண்ணீர் நிறத்தில் இருக்கிறது.

"சகலை ஒரு விளம்பரப் பிரியர். அவர் மீனை விட்டதே படம் எடுத்து மாட்டத்தான்—"

இதை என் தோளுக்கு மேலாக எட்டி, கூட வந்திருக்கும் என் மனைவி படித்துவிட்டாள்.

"பொய் எழுதாதீங்க. படத்தை மாட்டினது அக்கா. அத்தான் வேணாம் வேணாம்னாரு."

"கதைல கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்."

"அப்ப உங்களையும் கொஞ்சம் அப்படி இப்படி எழுதுங்க. பாப்போம்."

(அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த மனிதர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்!)

4

வைத்துக்கொள்வதா, விடுவதா? இது பற்றி எனக்குக் கருத்துகள் உண்டு. சாப்பிடப் பிடிப்பவனிடம் ஒரு நேர்மை இருக்கிறது. அவன் ஒரே ஒருமுறைதான் வலி கொடுக்கிறான். விடுகிறவன்? பசிக்கு வாய் வைத்ததற்கு ஒரு முள், ஒரு இழுபறி, மூச்சுமுட்ட ஒரு படம், பிறகு போய்வா என்று ஒரு தட்டு. மறுபடி அதே உதட்டில் அடுத்தவன் முள். இதற்குக் கருணை என்று பெயர்.

ஆனால் இந்த வயதில் இந்த மீனின் சதை வெறும் சக்கை. இது பெண் மீன் வேறு. குட்டி மீன்கள் பத்து சேர்ந்தாலும் இதன் அளவுக்கு முட்டையிடாது. இதைக் கொன்று சுவரில் மாட்டுகிறவன் ஏரியின் மடியில் கைவைக்கிறான்.

இரண்டு பக்கமும் நியாயமாகப் பேசிவிட்டேன், பார்த்தீர்களா? என் பிரச்சினை இரண்டிலும் இல்லை. நான் விட்டால், அவர் மிச்சம் வைத்ததைத் தொட்டுப் பார்த்த இரண்டாம் ஆள். நான் கொன்றால், அவர்கள் கூடத்தில் தொங்குவது செத்துப்போன ஒரு மீனின் படம். (இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை—)

5

"ஏங்க, அது ஒருக்களிச்சுக் கிடக்குது. தண்ணி சுடுது. அவுத்து விடுங்க."

"அவர் வந்துரட்டும்."

"அவர் வர்றது மீனுக்குத் தெரியுமா?"

"அவ்வளவு அவசரம்னா நீயே அவுத்து விடு."

"விட்டுட்டு? ஆயுசுக்கும் 'நீதான் கெடுத்த'ன்னு கேக்கவா? பிடிச்சது நீங்க. விடுறதும் நீங்கதான்."

அப்போது செல்பேசி அடித்தது. சகலை.

"சகலை, ஒருத்தருக்குப் பாதிப் பல்லுல நிக்கிறேன். கிளம்ப நேரமாகும் போல. எனக்காக வச்சிருக்காதீங்க, இப்பவே விட்டுடுங்க."

"நீங்க பாக்க வேணாமா?"

"நீங்க சொன்னா நம்ப மாட்டேனா? எனக்கு அன்னிக்கு மாட்டினது குருட்டு அதிர்ஷ்டம். உங்களுக்குத்தான் கைராசி."

நம்புகிறாராம். பாராட்டு வேறு. ஒரு சின்னச் சந்தேகம், குரலில் ஒரு துளி எரிச்சல், எதையாவது தந்திருக்கக் கூடாதா? ஒன்றும் தரவில்லை. இனி நான் விட்டால் அது அவர் சொல்லி விட்டது. ஒரே மீனை அவர் இரண்டு தடவை விட்டதாக ஆகிவிடும், இரண்டாவது தடவை கை நனையாமலே.

6

முடிவு அ: விடுகிறேன். வீடு வரும்வரை என் மனைவி, "நல்லவேளை, அத்தான் சொன்னதும் கேட்டீங்க" என்கிறாள்.

முடிவு ஆ: கொல்கிறேன். பாடம் செய்து, கண்ணாடிக் கண் வைத்து, எங்கள் கூடத்தில் மாட்டுகிறேன். என் மனைவி அந்தச் சுவருக்கு முதுகு காட்டியே உட்காருகிறாள். சகலை வருகிறார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாப் பண்ணியிருக்காங்க" என்கிறார். குரலில் குத்தலே இல்லை. இதை என்னால் எழுதக்கூட முடியவில்லை.

முடிவு இ: நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். பைக்குள் மீன் தானாகவே—

மூன்றாவதை நான் கற்பனை செய்யவில்லை. அதுதான் இங்கே நடந்துகொண்டிருக்கிறது. மேலே ஒரு பத்தியைத் திருத்தினேன், நன்றாக வந்தது. அதற்குள் அதன் வயிறு பாதி மேலே திரும்பிவிட்டது.

7

தண்ணீரில் இறங்கிவிட்டேன். முழங்கால் ஆழம். இடது கையால் பையோடு சேர்த்து மீனை நிமிர்த்திப் பிடித்திருக்கிறேன், வலது கைக் கட்டைவிரலால் உங்களுக்கு எழுதுகிறேன். செவுள் திறக்கிறது. மூடுகிறது. அடுத்தது திறக்க நேரமாகிறது.

செல்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு முடிச்சை அவிழ்க்கலாமே என்பீர்கள். அவிழ்க்கலாம். அவிழ்த்த கை என்னுடையதா, சகலையுடையதா என்று எனக்குத் தெரியாது, அதுதான் கஷ்டம். ஆகவே நீங்கள் வாருங்கள். சகலையை உங்களுக்குத் தெரியாது. உங்களை யாரும் படம் எடுக்கப்போவதில்லை. பையின் வாயில் போட்டிருப்பது சுருக்கு முடிச்சு, நுனியைப் பிடித்து இழுத்தால் போதும். வலை தளர்ந்ததும் கொஞ்ச நேரம் அது அங்கேயே நிற்கும். பயப்படாதீர்கள், தள்ளாதீர்கள்.

என் மனைவி பலகையில் குனிந்து நிற்கிறாள். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இழுங்கள். நீங்கள்தான் விட்டீர்கள் என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள்.