இன்டிபேரு: அரவ

காலைல சித்தூர் ஆபீஸ்ல உக்காந்துக்கினு, ரேஷன், பென்ஷன், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் ஒண்ணா வந்த கவர்மென்ட் புது சிஸ்டத்துல குடும்ப டேட்டா ஒழுங்கா ஏறிக்கிதான்னு பாத்துக்கினு கீறேன், அண்ணன் முரளி போன் பண்றான். அவன் நைனாவ கூட்டிக்கினு திருப்பதி ஆஸ்பத்திரில கீறான். நைனாவுக்கு ஹார்ட்ல வால்வு மாத்தணும், மத்தியானம் ஆபரேஷன். கவர்மென்ட் இன்சூரன்ஸ் கார்டு வேல செய்யலன்றான். குடும்பத் தலைவர் கை ரேக வெச்சாதான் அப்ரூவல் வருமாம், அது வராம உள்ள எடுத்துக்கினு போவ மாட்டாங்களாம். அம்மாதான தலைவர், அம்மா பக்கத்துலதான கீது, வெக்க சொல்லுன்னேன்.

"தலைவர் கங்கம்மான்னு வருது யமுனா."

எந்த கங்கம்மான்னு கேக்க வேண்டியதே இல்ல.

கங்கம்மா எங்க குடும்பமே கெடையாது. வெதுருகுப்பம் பக்கத்துல எங்க காலனில கடைசி வூடு. அவ ஆடு எங்க வேர்க்கடலைய மேஞ்சிடுச்சின்னு நைனா ஆட்ட புடிச்சி கட்டிப்போட்டாரு, அதுலேர்ந்து ரெண்டு வூட்டுக்கும் பேச்சு இல்ல. எங்க வூட்டு சாவுக்கு அவ வரல, அவ பொண்ணு கல்யாணத்துக்கு நாங்க போவல. தெருவுல எதிர்ல வந்தா அம்மா மூஞ்ச திருப்பிக்கும்.

உடனே கங்கம்மா பேர தட்டி பாத்தேன். கீழ கீழ போய்க்கினே கீது லிஸ்ட்டு. எங்க காலனி மொத்தமும் அவ குடும்பம். எங்க தெருவுக்கு தண்ணி வுட்றவரு கூட அவ குடும்பம்.

எப்டின்னா, தெலுங்குக்காரங்களுக்கு மொதல்ல இன்டிபேரு, அதாவது வூட்டுப் பேரு, அப்பாலதான் சொந்தப் பேரு. எங்க காலனி மொத்தமும் தமிழாளுங்க, நமக்கு அது ஏது, நைனா பேரோட மொத எழுத்துதான். பழைய கம்ப்யூட்டர்ல அந்த கட்டத்த காலியா வுட்டா அடுத்த பக்கம் போவாது. அன்னிக்கி உக்காந்து தட்டுனவன் கேட்டுக்கிறான், இவங்க இல்லன்னுக்கிறாங்க, அவன் எல்லாருக்கும் 'அரவ'ன்னு போட்டுட்டான். தெலுங்குல தமிழாளுங்கள அப்டித்தான் சொல்றது. பழைய சிஸ்டம் அத கண்டுக்கவே இல்ல. புது சிஸ்டம் ரொம்ப புத்திசாலி. ஒரே ஊரு, ஒரே இன்டிபேரு, அப்போ ஒரே குடும்பம். அதுல வயசுல பெரிய பொம்பள யாரோ அவங்கதான் தலைவர்.

இந்த புது சிஸ்டத்த பத்தி ஊரெல்லாம் பீத்திக்கினு திரிஞ்சவ நான். இனிமே ஆபீஸ் ஆபீஸா அலைய வேணாம், எல்லாம் ஒரே எடத்துலன்னு டீக்கடைல நின்னு சொல்லிக்கிறேன். நேத்து பழச நிறுத்துனப்போ கை தட்டுனேன்.

எங்க ஆபீசரு ஹரிபாபு சாருகிட்ட ஓடுனேன். மொதல்ல சிரிச்சிட்டாரு, நைனா விஷயத்த சொன்னதும் சிரிப்பு நின்னுடுச்சி. பழச திருப்பி போட முடியாதாம். குடும்பத்த பிரிக்க மேல எழுதணும், இன்னிக்கி ஆவாது. அந்தம்மாவ இட்டுக்கினு போறதுதான் வழின்னாரு. எழுதுறத மட்டும் இப்பவே எழுதிட்றேன்னு சொல்லிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டாரு.

ஸ்கூட்டிய எடுத்துக்கினு எப்டி ஊருக்கு போனேன்னு தெரியல. பாக்கெட்ல போன் அடிச்சிக்கினே கீது, முரளிதான், நிறுத்தி எடுக்க பயமா கீது.

கங்கம்மா வாசல்ல புளி தட்டிக்கினு இருந்துச்சி. அத என்னன்னு கூப்புட்றதுன்னே எனக்கு தெரியல, வூட்ல கெழவின்னுதான் சொல்லுவோம். கூப்புடாமயே எல்லாத்தியும் கொட்டுனேன். அது தலைய தூக்கல.

"ஆட்ட கட்டிப்போட்டவனா?"

"ஆமா."

புளி கைய ஒதறிக்கினு உள்ள போயிடுச்சி. போச்சு, அவ்ளோதான்னு நின்னுக்கினு கீறேன். நைனா மூஞ்சிதான் கண்ணு முன்னாடி வருது. அப்பால பாத்தா வேற பொடவ கட்டிக்கினு வெளிய வருது. ஸ்கூட்டில ஏறுச்சி. "மெதுவா போ, என்னியும் அதே ஆஸ்பத்திரில படுக்க வெச்சிடாத"ன்னுச்சி.

திருப்பதில வழியெல்லாம் ஜனம், வேனு. ஒவ்வொரு சிக்னல்லயும் எனக்கு உசுரு போயி வந்துச்சி.

கவுன்டர்ல கட்டவெரல வெச்சா மிஷின் செவப்பு. தொடச்சி வெச்சா செவப்பு. வருஷக்கணக்கா புளி தட்டி தட்டி ரேகையே தேஞ்சி போயிக்கிது. இன்னொரு வாட்டி தப்பாச்சின்னா இன்னிக்கி முழுக்க பூட்டிக்கும்னு கவுன்டர் பொண்ணு சொல்லிச்சி. அம்மா செவுத்த புடிச்சிக்கினு நிக்கிது. கங்கம்மா அதுவா மோதர வெரல நீட்டுச்சி, "இதுல வேல கம்மி"ன்னு. நாலு பேரும் அந்த வெரலயே பாத்துக்கினு கீறோம்.

பச்ச.

மூச்சு வுட்றதுக்குள்ள ஸ்கிரீன்ல இன்னொரு கட்டம். தலைவருக்கு நோயாளி என்ன ஒறவு. காலியா வுட முடியாது. கவுன்டர் பொண்ணு நிமிந்து கங்கம்மாவ பாத்துச்சி.

"ஈயன மீக்கு ஏமவுதாரு?"

அவரு உனக்கு என்ன ஆவணும்னு கேக்குது. கங்கம்மா எங்க அம்மாவ பாத்துச்சி. அம்மா இந்த வாட்டி மூஞ்ச திருப்பல.

"தம்முடு."

தமிழ்ல கேட்டிருந்தா தம்பின்ற வார்த்த அது வாயில வந்திருக்குமான்னு எனக்கு தெரியல. தெலுங்குல வந்துடுச்சி. அப்ரூவலும் வந்துடுச்சி.

நைனாவ தள்ளிக்கினு வந்தாங்க. கங்கம்மாவ பாத்ததும் அவருக்கு கண்ணு பெருசாயிடுச்சி, கனவுன்னு நெனச்சிட்டாரு போல. அது கிட்ட போயி, "எழுந்து வா, உன்கிட்ட பேச வேண்டியது நெறைய கீது"ன்னுச்சி. ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிக்கிச்சி.

வெளிய பெஞ்சில உக்காந்துக்கினு கீறோம். கங்கம்மாவோட பட்டன் போனு அடிச்சிக்கினே கீது. காலனில ஒருத்தருக்கு அரிசி குடுக்கலயாம், இன்னொருத்தருக்கு பென்ஷன் நின்னுடுச்சாம், எல்லாருக்கும் இதோட வெரலு வேணும். கொஞ்ச நேரம் கேட்டுச்சி, அப்பால கத்துச்சி.

"என் தம்பிக்கு ஆபரேஷன் நடக்குது. முடிஞ்சாதான் வருவேன், போன வை."

அம்மா கொண்டாந்த இட்லிய பிரிச்சி அதுகிட்ட நீட்டுச்சி. "துன்னு அத்தே"ன்னேன். எடுத்துக்கிச்சி.

அப்போ ஹரிபாபு சாருகிட்டேர்ந்து மெசேஜ். நைனாவ அந்த குடும்பத்துலேர்ந்து பிரிக்க பேப்பர் ரெடியாம், காரணம் மட்டும் நான் சொல்லணுமாம். புது சிஸ்டத்துல ரெண்டே காரணம்தான் கீது. கல்யாணம், இல்லன்னா மரணம்.

ஒண்ணியும் வேணாம் சார், அப்டியே இருக்கட்டும்னு தட்டி அனுப்புனேன். கதவு இன்னும் தொறக்கல.