தீ பிடித்ததற்குச் சான்று

கமலாத்தாளின் கோபத்தைப் பத்தடி தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். கிட்டே போனால் வேட்டி கருகிவிடும். நான் கிட்டே போனவன்.

அவளுக்கு ஆறு கறவை மாடுகள், களத்தில் ஒரு வைக்கோல் போர். பாலக்காட்டின் கிழக்கு மூலையில் ஆகாயம் உயரத்துக்குப் போர் போட்டவள் அவள் ஒருத்திதான். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை வரும்வரை மாடுகளுக்கு அதுதான் தீனி. போர் போனால் மாடுகளும் சந்தைக்குப் போக வேண்டியதுதான்.

அதனால்தான் மாசியில் மனுப் போட்டாள். கிராமங்களுக்குத் தீயணைக்கப் பம்பும் குழாயும் தண்ணீர்த் தொட்டியும் அரசாங்கம் மானியமாகத் தருகிறது. மனுவை எழுதிக் கொடுத்தவன் நான். அந்த மானியம் பார்க்கும் ஆபீசிலேயே ஒன்பது வருடம் நாற்காலி தேய்த்து ஓய்வு பெற்றவனாயிற்றே!

பன்னிரண்டே நாளில் பதில் வந்தது. கடந்த மூன்று ஆண்டுகளில் தீ விபத்து நடந்ததற்கு, தீயணைப்பு நிலையத்தின் அறிக்கை இரண்டு இணைக்கவில்லை, ஆகவே தள்ளுபடி.

எங்கள் ஊரில் மூன்று வருடத்தில் பதினோரு தீ. டீக்கடையில் கேட்டால் நாற்பது என்பேன். ஆனால் புகை தெரிந்ததும் ஆளுக்கொரு வேப்பங்குழையை ஒடித்துக்கொண்டு ஓடி, அடித்து அணைத்துவிடுவதுதான் இங்கே வழக்கம். யாரும் போன் செய்வதில்லை. அரசாங்கப் பதிவேட்டின்படி எங்கள் ஊரில் ஒரு பீடிகூடப் பற்றியதில்லை.

"ஏனுங்கண்ணா, நாங்களே அணைச்சது தப்புங்களா?" என்றாள்.

"தப்பில்ல அம்மிணி. அத்தாட்சி இல்ல."

"அப்பச் செரி. இனிமேப்பட்டுப் போனடிச்சுப்போட்டுத்தான் குழையத் தொடுவோம்."

பங்குனியில் ஒரு நடுமத்தியானம். பக்கத்து வயலில் யாரோ அறுவடை முடிந்த தாளைக் கொளுத்தினார்கள். காற்று ஒரு பொறியைத் தூக்கி வந்து போரின் மேல் வைத்தது. ஊரே குழையோடு ஓடி வந்தது. கமலாத்தாள் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றாள்.

"யாரும் தொடப்படாது! மொதல்ல போனு!"

நூற்றியொன்று அடித்தாள். ஊர்ப் பெயர் கேட்டார்கள், வீட்டுப் பெயர் கேட்டார்கள், வழி கேட்டார்கள். கண்முன்னால் சொந்தப் போர் எரிய, கால்வாய்க்கு இந்தப் பக்கம் எத்தனையாவது திருப்பம் என்று அவள் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வைத்து "அடிங்க!" என்று கத்தியபோது பாதிப் போர் இல்லை. மீதியைக் காப்பாற்றுவதற்குள் நான்கு பேருக்குப் புருவம் இல்லை.

வண்டி ஐம்பது நிமிடம் கழித்து வந்தது. கால்வாய்ப் பாலத்தில் அதன் மூக்கு மட்டும்தான் நுழைந்தது. நிலைய அதிகாரி ஜோபி ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வந்து, சாம்பலைப் பார்த்து அறிக்கை எழுதினார். எழுதிவிட்டு மலையாளம் கலந்து சொன்னார்:

"சேச்சி, வண்டி வராத்த ஸ்தலத்துக்கு ரிப்போர்ட்டே வேண்டா. அந்த மானிய உத்தரவோட ரெண்டாம் பேஜ்ல இருக்கல்லோ. யாரும் பறஞ்சில்லையா?"

கமலாத்தாள் கருகிய வைக்கோலை ஒரு கை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை இருவரும் ஆபீசுக்குப் போனோம். என் பழைய நாற்காலியில் பிரதீப் இருந்தான். அறிக்கையைப் புரட்டினான்.

"ஒண்ணுதானே இருக்கு? இன்னொரு தீ வேணுமே."

கமலாத்தாள் மேஜைமேல் அந்தக் கரியைக் கொட்டினாள். பக்கத்தில் தீப்பெட்டியை வைத்தாள்.

"ஒரு தீதானுங்களே? இங்கயே வெச்சுத் தர்றேன். எந்த அலமாரிங்க சொல்லுங்க!"

ஆபீஸ் எழுந்து நின்றது. மின்விசிறி நின்றுவிட்டது என்றே நான் சத்தியம் செய்வேன்.

"அந்த உத்தரவ எடுங்க. திருப்புங்க. ரெண்டாம் பக்கம்."

பிரதீப் திருப்பினான், படித்தான். முகம் வெளுத்தது. பிறகு, பாவி, என்னைப் பார்த்தான்.

"தனபால் சார்கிட்டதான் நான் வேலை படிச்சேன். சார் எப்பவும் மொத பக்கந்தான் காட்டித் தந்தாரு."

கமலாத்தாள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"எத்தன ஊருங்கண்ணா இப்படித் திருப்பியுட்டீங்க?"

பதினொன்றை நாற்பதாக்கும் வாய் இது. அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குறைத்துச் சொன்னேன்.

"ஒரு... நாலஞ்சு இருக்கும் அம்மிணி."

இருபத்து மூன்று.

அவள் என் முகத்தையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"என்ற பாதிப் போரு உங்க கணக்குலதான் போச்சுங்க. பம்பு வர்ற வரைக்கும் மீதிக்கு நீங்கதான் காவலு. அந்த நாலஞ்சு ஊருக்கும் அங்கயே உக்காந்து மனு எழுதோணும்."

பிரதீப் அன்றே மானியத்துக்கு ஒப்பம் போட்டான். பம்பு இன்னும் வரவில்லை. பத்து மணி முதல் நாலு மணிவரை பாதிப் போருக்கு அருகில், வலக்கையில் பேனாவும் இடக்கையில் வேப்பங்குழையுமாக உட்கார்ந்திருக்கிறேன். வெயில் சூரியனைவிடச் சூடு. மாடுகளுக்கு வேளாவேளைக்குக் கழுநீர் வருகிறது. எனக்கு ஒரு டம்ளர் மோர் கிடையாது.

நேற்று ஐந்தாவது மனுவை முடித்ததும், போதும் என்று எழுந்து வேட்டியை உதறினேன். கமலாத்தாள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

உட்கார்ந்து ஆறாவது ஊரின் பெயரை எழுதினேன்.