கோரை நிற்கும் பள்ளம்

1.
இந்தக் கதை என் அக்கா போட்ட சண்டையில் பிறந்தது. எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. ஆனா என்னைத் தியாகி ஆக்கிடாதே" என்றாள்.

'காற்றில் அலையாடும் பச்சைக் கோரை...' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். அது பச்சையே இல்லை. துருப்பிடித்த கம்பியின் நிறம். முழங்கால் உயரம். தண்டை விரலிடுக்கில் உருட்டினால் உருளாது, மூன்று பட்டை தட்டுப்படும். (புல்லின் தண்டு உருண்டை. அக்கா தாவர ஆய்வாளர். எனக்குச் சலிக்கச் சலிக்கச் சொல்லியிருக்கிறாள்.) புல்வெளியில் மழைநீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் வளரும்.

2.
அக்காவும் மாமாவும் நகரத்து ஓரப் புல்வெளியில் வீட்டு மனை வாங்கினார்கள். ஒரு மூலையில் அந்தப் பள்ளம். வரைபடத்தில் அதே மூலையில் எங்கள் அப்பாவின் அறை. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டவருக்குப் படி இல்லாத அறை.

மண் லாரி வந்தபோது அக்கா பள்ளத்தில் இறங்கி நின்றுகொண்டாள்.

"மண்ணு போட்டா செத்துடும்ங்க. இந்தப் பக்கம் நான் தேடாத இடமில்ல, வேற எங்கயும் இந்த வகைக் கோரை இல்ல."

"அப்ப உங்கப்பாவை எங்க படுக்க வைக்கிறது? கோரைப் பாயிலயா?" என்றார் மாமா.

லாரி ஓட்டுநர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை, ஏறவுமில்லை. லாரி மண்ணோடு திரும்பிப் போனது.

3.
மாமாவை வில்லனாக்கப் பார்த்தேன். 'அவர் கண்களில் பேராசை...' இல்லை. அப்பாவைத் தினமும் தூக்கிக் குளிப்பாட்டுவது அவர்தான். பத்தியை அடித்துவிட்டேன், சண்டையில் யார் பக்கம் பேசுவது என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

4.
நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அக்கா கோரையைப் பெயர்த்து வேறிடத்தில் நடுகிறாள். ("அங்க தண்ணி நிக்கணுமேடா. உன் பேனாவா ஊத்தும்?")

அப்பா பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறார். (எங்கள் அப்பாவா! "புல்லா, நானா?" என்று கோணிய வாயோடு கத்தியவர்.)

நடந்தது இது. அக்கா வரைபடத்தில் தங்கள் படுக்கையறையை அப்பாவுக்கு மாற்றினாள். கட்டிய வீட்டில் அவளும் மாமாவும் கூடத்தில் படுக்கிறார்கள். மாமா பல நாள் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு காலை, யாரும் சொல்லாமலே, பள்ளத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்.

5.
இதோடு முடித்திருப்பேன். இப்போது பக்கத்து மனையில் மண் கொட்டப்போகிறார்கள். பள்ளத்துக்குத் தண்ணீர் வருவது அந்த வழியாகத்தான்.

வேலிக்கு அப்பால் மாமா நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்: "அடியில ஒரு குழாய் மட்டும் விட்டுடுங்க. செலவு என்னுது. எங்க வீட்ல அவங்களுக்கு அது..."

வாக்கியத்தை முடிக்க அவருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

பக்கத்து மனை உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமா காத்திருக்கிறார். சொல்லுங்கள்.