இரண்டு பக்கத்துத் தரகு

வங்காளத்தில், கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் முருகானந்தம் ஓய்வு பெற நான்கு மாதம்தான் இருந்தது. அதற்குள் குவார்ட்டர்ஸுக்கு மாற்றாக ஒரு வீடு வேண்டும். 2003ஆம் வருஷம் பிறந்ததிலிருந்தே அவர் மனைவி தமயந்திக்கு இதே கவலை.

வீட்டுக்காக அலைந்தவர் மாரியப்பன். காளிகாட்டில் மளிகைக்கடை, கூடவே வீட்டுத் தரகு. பதினோரு ஃபிளாட் காட்டிய பிறகு டாக்குரியாவில் ஒன்று பிடித்தது. விலை ஏழு லட்சம். வாங்குகிறவர் இரண்டு சதவீதம், விற்கிறவர் இரண்டு சதவீதம் தரகு என்று பேச்சு.

ஒரு மத்தியானம் அந்த ஃபிளாட்டின் சொந்தக்காரர் தத்தா தமயந்திக்குப் போன் செய்தார். "பௌதி, நடுவுல தரகர் எதுக்கு? நேரா முடிச்சுக்கலாம். ரெண்டு பேருக்கும் மிச்சம்" என்றார் வங்காள மொழியில், அவளை அண்ணி முறை வைத்து.

பதினாலாயிரம் ரூபாய்!

"பாவம், மனுஷன் அஞ்சு மாசமா அலைஞ்சிருக்காரு" என்றார் முருகானந்தம். தமயந்தி கேட்கவில்லை. கடைக்குப் போய், "நாங்க ஊருக்கே போயிடலாம்னு இருக்கோம்ணே" என்று கூசாமல் சொன்னாள்.

"நல்லதும்மா" என்றார் மாரியப்பன்.

தத்தாவுக்கு இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் வக்கீல் பத்திரத்தைப் பார்த்தார். வீடு தத்தாவின் காலஞ்சென்ற அப்பா பெயரில் இருந்தது. அக்காவுக்கும் பாதி பங்கு. அவள் கையெழுத்தில்லாமல் பதிவு நடக்காது.

"அவளோட நான் பேசி வருஷக்கணக்காச்சு. மாரியப்பன்தான் சரிக்கட்டி வச்சிருந்தான்" என்று தத்தா கைவிரித்தார். அட்வான்ஸ் செலவாகிவிட்டதாம்.

தமயந்தி அந்த அக்காவைத் தேடிப் பேஹாலாவுக்குப் போனாள். கிரில் கதவைத் திறக்காமலே அவள், "அந்தத் தமிழ்க்காரர் வரட்டும், பேசறேன்" என்றாள்.

வேறு வழியில்லை. மறுநாள் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மாரியப்பன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கையெழுத்து வாங்கித் தரேன். ஆனா தத்தா இனிமே எனக்கு ஒரு பைசா தரமாட்டார். அவர் பங்கையும் நீங்கதான் தரணும்."

"அவர் தரவேண்டியதை நாங்க எப்படிண்ணே..."

"ஊருக்குப் போறதா என்கிட்ட வந்து சொன்னது அவரில்லையேம்மா."

தமயந்தி சரியென்று சொல்லிவிட்டுக் கடையை விட்டு இறங்கினாள்.

பத்து நாளில் கையெழுத்து கிடைத்தது. பதிவும் முடிந்தது. முருகானந்தம் வங்கியிலிருந்து இருபத்தெட்டாயிரத்தை எடுத்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவளிடம் நீட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பணத்தை வாங்கிக்கொள்ள மாரியப்பன் புது ஃபிளாட்டுக்கே வந்தார்.

"காபி குடிச்சிட்டுப் போங்கண்ணே."

"கடையில ஆளில்லம்மா" என்று படியிறங்கிவிட்டார்.

ஈவு இரக்கமில்லாமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டாரே என்று கணவரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளப் பார்த்தாள். கடையில் தான் சொன்ன பொய் நினைவுக்கு வர, வாய் எழவில்லை.