வலது தோள்

அன்று மாடலாக உட்கார வேண்டியவர் வரவில்லை. மாணவர்கள் பலகைகளை வட்டமாகப் போட்டுவிட்டு, கரித்துண்டும் கையுமாகக் காத்திருந்தார்கள். பிளாஸ்டிக் பழக்கூடையை மறுபடி எடுத்து வைக்கலாம். அதை வரைந்து வரைந்து அவர்களுக்குச் சலித்துவிட்டது. திருத்தித் திருத்தி ஓவிய ஆசிரியைக்கும் சலித்துவிட்டது. படியிறங்கிக் கீழே போனாள்.

கல்லூரியின் பழைய கட்டடம் அது. மேலே ஓவியம், கீழே வாகனப் பழுதுபார்ப்பு. கீழே சுத்தியல் விழுந்தால் மேலே தண்ணீர்க் கிண்ணம் நடுங்கும். பட்டறை வகுப்பை நடத்துகிறவர் அவளுடைய அக்காவின் கணவர். பிள்ளைகளுக்கு அவர் 'கிரீஸ் சார்'. அவள் போனபோது வகுப்பு முடியும் நேரம். லிஃப்டில் ஏற்றிய காருக்கு அடியில் மாணவர்கள் சைலன்சரைக் கழற்றிக்கொண்டிருக்க, அவர் சுவரில் சாய்ந்தபடி வாயாலேயே வேலை வாங்கிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அவரே அடியில் நின்று செய்து காட்டுவார். வயசாகிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

விஷயத்தைச் சொன்னாள்.

"சும்மா உக்காந்தா போதுமா?" என்று கேட்டார்.

"அசையாம உக்காரணும் அத்தான்."

"அசையச் சொன்னாத்தான் இப்ப கஷ்டம்."

மேலே வந்து, எண்ணெய் படிந்த சட்டையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, பனியனோடு நாற்காலியில் சாய்ந்தார். கரி காகிதத்தில் உரசும் சத்தம் எழுவதற்குள் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேருக்கு அவர் தூக்கத்தைப் பார்த்துத் தங்களுக்கும் கொட்டாவி வந்தது.

அவள் ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு பெண் வலது தோளைத் தாழ்த்தி, மேலே பள்ளம் விழுந்த மாதிரி நிழலிட்டிருந்தாள். இரண்டு தோளையும் அளந்து பார்த்துப் போடச் சொல்லிவிட்டு ஆசிரியை நகர்ந்தாள். அடுத்த பலகையிலும் அதே பள்ளம். அதற்கடுத்ததிலும். அப்போதுதான் அவள் படத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தாள். முதுகுப் பக்கம் போய் நின்றாள். வலது தோள்பட்டை எலும்புக்கு மேலே இருக்க வேண்டிய சதை வற்றிப்போய், பனியன் பட்டை குழிக்குள் தொங்கியது. அந்தப் பெண்ணிடம் திரும்பிப் போய், நீ போட்டதுதான் சரி என்றாள்.

வகுப்பு கலைந்த பிறகு அவரை எழுப்பினாள். கையைத் தூக்கச் சொன்னாள். அவர் இடது கையைத் தூக்கினார்.

"மத்த கை."

"அதுக்கு லீவு விட்டிருக்கேன்" என்று சட்டையைத் தேடினார்.

அவள் சிரிக்கவில்லை. மெல்ல மெல்லத்தான் வாயைத் திறந்தார். வலி நாள்பட்டது. தலை சீவக் கை எட்டவில்லை என்றுதான் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டாராம். அதற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனி. அக்கா எழுவதற்கு முன்பே சட்டை மாட்டிவிடுவாராம்.

"ஏன் அத்தான் சொல்லல?"

"சொன்னா உங்கம்மாவ யாரு தூக்குறது?"

அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அம்மா இடுப்பு எலும்பு உடைந்து படுத்ததிலிருந்து அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். காலையும் மாலையும் கட்டிலிலிருந்து தூக்கி, குளியலறை நாற்காலியில் உட்கார வைத்து, திரும்பத் தூக்கிக் கிடத்துகிறவர் இவர்தான். பெற்ற மகளான அவளோ ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு போவாள், அம்மா கையைப் பிடித்துப் பேசுவாள், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவாள். நல்ல மகள் என்று பெயரும் எடுத்திருந்தாள்.

"அக்காகிட்ட சொல்லாத. அவளே இத்துப்போய்க் கிடக்கா" என்றார்.

தலையாட்டினாள். ஆனால் பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனாள். அக்கா அம்மாவின் துணிகளை அலசிக்கொண்டிருந்தவள், கேட்டுவிட்டு ஈரக் கையோடு அப்படியே வாளியோரம் உட்கார்ந்தாள்.

"பக்கத்துலயே படுத்துக் கெடக்கேன். எனக்குத் தெரியலயேடி."

அதற்கு மேல் அவள் அழவும் இல்லை, யாரையும் நோகவும் இல்லை. அலச வேண்டியதை அலசி முடித்தாள்.

மருத்துவர் தசைநார் கிழிந்து வெகுநாள் ஆகிறது என்றார். தைக்கலாம், பழைய பலம் முழுசாக வராது, இனி பாரம் தூக்கக் கூடாது. கல்லூரியில் விடுப்பு கொடுத்து, வெளியிலிருந்து ஒருவரை அழைத்துக்கொண்டார்கள். திரும்பி வந்தால் மேஜையிலேயே உட்கார்ந்து ஒயரிங் சொல்லிக்கொடுக்கலாம் என்றார்கள். அவர் சரி என்றார். அந்தச் சரியில் ஒரு பிடிப்பும் இல்லை.

ஓவிய ஆசிரியை தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். விடிந்ததும் அக்கா ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் அம்மாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார்கள். முதல் வாரம் முழுக்க அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. கரியைப் பிடித்தால் விரல் நடுங்கியது. வகுப்பில் நின்றபடியே கண் சொக்கியது.

"மாப்ள தூக்குனா தூக்குனதே தெரியாது. நீங்க மூட்டையப் பெரட்டுற மாதிரி பெரட்டுறீங்க" என்று அம்மா முனகினாள்.

பக்கத்து அறையில், தைத்த கையைக் கழுத்துத் துணிக்கட்டில் தொங்கவிட்டபடி படுத்திருந்தவருக்கு அது கேட்டிருக்கும்.

"கழுத்தப் பிடிச்சுக்கோம்மா" என்றாள் அவள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.