பாலைமரத்திலிருந்து விழுந்த இருவர்

எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் மலைநாட்டிலிருந்து கைக்குழந்தையோடு வன்னிக்கு வந்தவள் வீரம்மா. அவளுக்குக் கொட்டில் போட இடம் கொடுத்தவள் நேசமலர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தனியாக வயல் செய்தவள். இரண்டு வருடத்தில் அவர்கள் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் வாழ்க்கைத் துணையானார்கள். குழந்தை கமலாசனி இருவரையும் அம்மா என்றாள். அவர்கள் ஊரான ஜெயபுரத்தில் இதை அறியாதவர் இல்லை; நல்லதாக ஒரு வார்த்தை சொன்னவரும் இல்லை.

எண்பத்தாறு ஆனியில், கமலாசனியும் ஊர் விவசாயச் சங்கத் தலைவர் சிற்றம்பலத்தின் மகனும் பாலைப்பழம் பிடுங்க மரத்தில் ஏறி, கிளை முறிந்து விழுந்தார்கள். இருவருக்கும் கை முறிந்தது. நேசமலர் இரண்டு பேரையும் சைக்கிளில் ஏற்றி உழக்க, வீரம்மா பின்னால் பிடித்துக்கொண்டே ஓடினாள். முறிவு வைத்தியர் வீடு நாலு மைல்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிட்டார்கள்.

“ரெண்டு பொம்பிளையள் குடும்பம் நடத்தினா பிள்ளை மரத்திலதான் ஏறும்,” என்றார் சிற்றம்பலம். “வவுனியாவில ஒரு சிறுவர் இல்லம் இருக்கு. அங்க விடுறதுதான் அந்தப் பிள்ளைக்கு நல்லது.”

பலர் தலையாட்டினார்கள். ஒன்பது வருடத்தில் வீரம்மா அந்தக் கூட்டத்தில் வாய் திறந்ததில்லை. அன்று எல்லோரும் பார்க்க நேசமலரின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“ஐயா, ஒங்க மகனும் அதே கெளையிலதானே இருந்தாரு?”

“அவன் பெடியன். சும்மா விளையாட்டுக் குழப்படி.”

“ஒங்க வீட்டுல நடந்தா குழப்படி, எங்க வீட்டுல நடந்தா வளர்ப்பு சரியில்லையா? ஒங்க மகன எந்த இல்லத்துல விடப்போறீங்க?”

பெண்கள் பக்கமிருந்து சிற்றம்பலத்தின் மனைவி விமலேஸ்வரி எழுந்தாள்.

“அவா கேக்கிறது சரிதானே? என்ர பிள்ளையைக் கொண்டு ஓடினது இவையள் ரெண்டு பேரும்தான். நீங்கள் அண்டைக்குப் பூநகரியில நிண்டனீங்கள்.”

சிற்றம்பலம் கையிலிருந்த கடதாசியைப் புரட்டினார். வாய்க்கால் திருத்துவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

“இவ்வளவு காலமும் உந்தக் குரலை எங்க வச்சிருந்தனீர்?” வெளியே வந்ததும் நேசமலர் கேட்டாள்.

“எனக்கே தெரியலயே,” என்று வீரம்மா சிரித்தாள்.

அதற்குப் பிறகும் சிலர் தங்கள் பிள்ளைகளை அவர்கள் வீட்டுப் படலைக்குள் விடவில்லை. வீரம்மாவுக்கு அது நொந்தது. ஆனால் சந்தியில் யாராவது கமலாசனியைப் பார்த்து, “நீ ஆரின்ர பிள்ளை?” என்று கேட்டால் இப்போது வீரம்மாவே முந்திக்கொள்வாள்:

“எங்க ரெண்டு பேரோட புள்ள.”